ஆறு பென்ஸ் லாபமும் ஐம்பதாயிரம் சொல் உயிலும்: பாஸ்டன் வணிகர் ராபர்ட் கெய்னின் குடும்பம்

அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறிய ஆங்கில வணிகர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள், எப்படிச் சம்பாதித்தார்கள், அவர்கள் குடும்பங்கள் பிறகு என்ன ஆயின என்பது கேள்வி. பொதுவாகப் பதில் சொல்லப் போனால் கப்பல், கம்பளி, நீர்நாய்த் தோல், மீன் என்று ஒரு பட்டியல்தான் வரும். அதைவிட ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு கடைசிவரை பின்தொடர்வது நல்லது என்று நினைக்கிறேன். அந்த மனிதர் ராபர்ட் கெய்ன். 1635-இல் லண்டனிலிருந்து மாசசூசெட்ஸின் பாஸ்டன் நகருக்கு வந்து கடை போட்டவர்.

அந்தத் தலைமுறை வணிகர்களில் பெரும்பாலோர் விட்டுச்சென்றது கப்பல் பட்டியலில் ஒரு பெயர், நிலப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கெய்ன் அப்படியல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதினார், கோயிலில் கேட்ட பிரசங்கத்தை வரிவரியாக எழுதினார், பைபிளுக்கு விளக்கவுரை எழுதினார், கடைசியில் ஏறத்தாழ 50,000 சொற்களில் ஓர் உயிலும் எழுதினார். கணக்குப் பேரேடும் பிரசங்கக் குறிப்பேடும் இந்த மனிதருக்கு ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஊருக்குப் பதில் சொல்லவேண்டும், ஒவ்வொரு செயலுக்கும் கடவுளுக்குப் பதில் சொல்லவேண்டும். இரண்டையும் எழுதி வைத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் அவர் வாழ்க்கையை வாசிக்கவேண்டும்.

1595-இல் வின்ட்ஸரில் பிறந்தார். அப்பா கசாப்புக் கடைக்காரர். பத்து வயதில் லண்டனில் ஒரு வணிகரிடம் தொழில் பழக விட்டார்கள். கார்ன்ஹில் வட்டாரத்தில் எட்டு ஆண்டுகள் அந்த வீட்டிலேயே தங்கி வேலை. அக்கால வழக்கப்படி தொழில் பழகும் பையனுக்குச் சோறும் துணியும் உண்டு, கூலி கிடையாது. முதலாளி சொல்லே சட்டம். பழகி முடித்தவர் 1615-இல் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் கம்பெனி என்னும் வணிகர் சங்கத்தில் உறுப்பினரானார். பெயரில் தையல் இருந்தாலும் அது லண்டனின் பெரும் வணிகச் சங்கங்களில் ஒன்று. இப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தால்தான் நகரத்தில் சொந்தமாகக் கடை திறக்க முடியும்.

1617-இல் திருமணம். மணமகள் ஆன் மான்ஸ்ஃபீல்ட், 'சர்' பட்டம் பெற்ற ஒருவரின் மகள். கசாப்புக்காரர் மகனுக்கு இது பெரிய இடத்துச் சம்பந்தம். இந்தச் சம்பந்தத்தால் இன்னொரு உறவும் வந்தது. ஆனின் சகோதரி எலிசபெத்தை மணந்தவர் ஜான் வில்சன். பின்னாளில் பாஸ்டன் முதல் சபையின் போதகர். ஆக, கெய்னும் போதகர் வில்சனும் சகலைகள். ஊரில் மிகுந்த மரியாதை உள்ள போதகர் சகலையாக இருப்பது பலம்தான். ஆனால் அந்தச் சபையே கெய்னை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டபோது அந்த உறவு அவரைக் காப்பாற்றவில்லை. மான்ஸ்ஃபீல்ட் குடும்பத்தில் ஒரு மைத்துனரும் உண்டு. கடனில் சிக்கிச் சிறைவரை போன அவரை லண்டனில் மீட்டுவிட்டதையும், அதற்கு நன்றி கிடைக்காததையும் கெய்ன் உயிலில் மனம் கசந்து எழுதியிருக்கிறார். வசதியான உறவுக்காரர் மேல் மற்றவர்கள் சாய்வதும், சாய்ந்தவர்கள் பிறகு முகம் திருப்புவதும் எந்த ஊருக்கும் புதிதல்ல.

லண்டனில் இருந்தபோதே கெய்ன், இங்கிலாந்துத் திருச்சபையை இன்னும் கண்டிப்பாகச் சீர்திருத்தவேண்டும் என்ற பியூரிட்டன் மதப்பிரிவில் தீவிரமாக இருந்தார். 1627, 1628 ஆண்டுகளில் லண்டன் போதகர்களின் பிரசங்கங்களை எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று உண்டு. 1623-இல் லண்டனின் ஹானரபிள் ஆர்ட்டிலரி கம்பெனி என்ற போர்ப்பயிற்சி அமைப்பில் சேர்ந்திருந்தார். அந்த அனுபவமும் பின்னால் கைகொடுத்தது.

1635-இல் 'டிஃபென்ஸ்' என்ற கப்பலில் மனைவியோடும் பதினாறு வயது மகன் பெஞ்சமினோடும் பாஸ்டன் வந்து இறங்கினார். பிறந்த நான்கு மகன்களில் மிஞ்சியவர் பெஞ்சமின் ஒருவர்தான். கையோடு 2,000 முதல் 3,000 பவுண்டு பெறுமான சொத்து கொண்டுவந்ததாக அவரே சொல்கிறார். வெறுங்கையோடு வந்து முன்னேறியவர் என்ற கதை இவருக்குப் பொருந்தாது, வரும்போதே பணக்காரர். ஊரின் நடுவில், சந்தைத் திடலுக்கு எதிரே வீடும் கடையும் கட்டினார். இன்று ஸ்டேட் தெருவும் வாஷிங்டன் தெருவும் சேரும் மூலை அது. வீட்டை விட்டு வெளியே வந்தால் சந்தை, கூப்பிடு தூரத்தில் ஆராதனைக் கூடம். வாழ்நாள் முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடமாடினார். 1636-இல் சபையில் சேர்த்துக்கொண்டார்கள். சபை உறுப்பினருக்குத்தான் அந்தக் காலனியில் வாக்குரிமை என்பதால், வணிகருக்கு இது வழிபாட்டு விஷயம் மட்டுமல்ல, குடியுரிமையும்கூட.

வியாபாரம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். 1630-களில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்கு, அதாவது மாசசூசெட்ஸும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த பகுதிக்கு, வந்தார்கள். வந்தவர்களுக்கு நிலம் இருந்தது, மரம் இருந்தது. ஆணி, நூல், பொத்தான், துணி, கோடரி, கடிவாளம், எல்லாம் லண்டனிலிருந்து கப்பலில் வந்தாகவேண்டும். கப்பல் வரும் பருவம் தவறினால் அடுத்த பருவம்வரை சரக்கு இல்லை. புயலில் கப்பல் போனால் முதலே போயிற்று. நாணயமோ அரிது. புதிதாக வந்து இறங்குபவர் மடியிலிருக்கும் வெள்ளிதான் ஊரில் புழங்கும் ரொக்கம். அதுவும் சரக்குக்கு விலையாக அடுத்த கப்பலிலேயே லண்டனுக்குத் திரும்பிவிடும். மிச்சமெல்லாம் சோளம், மாடு, நீர்நாய்த் தோல், பழங்குடி மக்களின் கிளிஞ்சல் மணி, இல்லாவிட்டால் பேரேட்டில் கடன். சில்லறைத் தட்டுப்பாடு எந்த அளவுக்கு என்றால், 1635-இல் துப்பாக்கிக் குண்டு ஒன்றைக் கால் பென்னிக்குச் சமமாக வாங்கிக்கொள்ளவேண்டும் என்று காலனி மன்றமே உத்தரவு போட்டது. ஒரு நேரத்தில் பன்னிரண்டு பென்ஸுக்கு மேல் குண்டாகக் கொடுக்கக்கூடாது என்று வரம்பும் வைத்தது. இப்படிப்பட்ட ஊரில் கடன் கொடுக்கத் தெம்புள்ள ஒரு கடைக்காரர் எவ்வளவு தேவையானவர், அதனாலேயே எவ்வளவு வெறுக்கப்பட்டவர் என்று யோசித்துப் பாருங்கள். ஆணி வாங்கியவனுக்கு விலை உறுத்தும். கடனும் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வந்த இரண்டே ஆண்டில் ஊரின் நம்பிக்கைக்குரிய ஆளாகிவிட்டார். 1637-இல் ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணியின் மதக் கருத்துகளால் பாஸ்டன் இரண்டாகப் பிளந்தது. அவர் பக்கம் நின்றவர்களின் ஆயுதங்களைப் பறிக்க மன்றம் முடிவு செய்தது. பாஸ்டனில் 58 பேர் தங்கள் துப்பாக்கி, வாள், வெடிமருந்து எல்லாவற்றையும் ஒப்படைக்கவேண்டிய இடமாக உத்தரவில் குறிப்பிடப்பட்டது கெய்னின் வீடு. அடுத்த ஆண்டு, 1638-இல், லண்டனில் தான் பழகிய அமைப்பின் மாதிரியில் பாஸ்டனிலும் ஒரு போர்ப்பயிற்சிக் குழுவுக்கு அனுமதி வாங்கினார்கள். முதல் கேப்டன் கெய்ன். அரசுக்கு மேலே இப்படி ஓர் ஆயுதக் குழு வளர்வது ஆபத்தோ என்று தலைவர்கள் தயங்கித்தான் அனுமதி கொடுத்தார்கள். ஏன்ஷியன்ட் அண்ட் ஹானரபிள் ஆர்ட்டிலரி கம்பெனி என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது.

அதற்கு மறு ஆண்டு விழுந்த அடியிலிருந்து அவர் மீளவே இல்லை.

1639 நவம்பரில் காலனியின் பொதுமன்றத்தில் அவர்மேல் குற்றச்சாட்டு வந்தது: சரக்கை அநியாய விலைக்கு விற்றார். ஒரு ஷில்லிங் அடக்கத்துக்கு ஆறு பென்ஸுக்கு மேல் லாபம் வைத்தார், சிலவற்றில் எட்டு பென்ஸுக்கு மேல், சில சின்னச் சாமான்களில் ஒன்றுக்கு இரண்டுக்கு மேல். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்பதால், நூற்றுக்கு ஐம்பது, அறுபத்தாறு, நூறு என்று கணக்கு வரும். விவகாரத்தில் அடிபட்ட சரக்குகள் ஆணி, நூல், பொன் பொத்தான், ஒரு கடிவாளம். இதைப் பிரதிநிதிகள் பெருங்குற்றமாகப் பார்த்தார்கள். 200 பவுண்டு அபராதம் என்றார்கள். நீதிபதிகளாக இருந்த மூத்த உறுப்பினர்கள் பாதி போதும் என்றார்கள். இழுபறியில் கடைசியாக அவர் கட்டியது 80 பவுண்டு.

இதில் கவனிக்கவேண்டியது, அவர் மீறியதாகச் சொல்ல அன்று ஒரு சட்டமே இல்லை. 1633-இல் இங்கிலாந்து விலைக்கு மேல் ஷில்லிங்குக்கு நாலு பென்ஸ்தான் கூட்டலாம் என்று ஒரு விதி போட்டிருந்தார்கள். 1635-இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆளுநர் ஜான் வின்த்ரப் தன் நாட்குறிப்பில் இருபக்க நியாயங்களையும் எழுதியிருக்கிறார். சட்டம் இல்லை, எல்லா நாட்டிலும் வியாபாரிகள் இப்படித்தான் செய்கிறார்கள், இவர் ஒருவர் மட்டும் செய்யவில்லை, நியாய லாபம் இவ்வளவு என்று யாராலும் வரையறுக்க முடியவில்லை என்பவை அவருக்குச் சாதகமானவை. பாதகமானவை என்ன தெரியுமா? அவர் பழுத்த விசுவாசி, திறமைசாலி, பணக்காரர், மனச்சாட்சிக்காகக் கடல் கடந்து வந்தவர், முன்னமே கண்டிக்கப்பட்டவர், அவருக்கு ஒரே ஒரு பிள்ளைதான். கடைசிக் காரணத்தில் நின்று பாருங்கள். ஒரு பிள்ளைக்காரனுக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று ஊர் கேட்கிறது. குடும்பத்தின் அளவை வைத்து லாபத்தின் அளவைத் தீர்மானிக்கும் சமூகம் அது.

மன்றத்தோடு போகவில்லை; சபையும் விசாரித்தது. தன் மனம் பேராசை பிடித்து அழுகிப்போனது என்று அழுதபடி ஒப்புக்கொண்டார். சிலர் சபையிலிருந்தே தள்ளிவைக்கவேண்டும் என்றார்கள். பெரும்பாலோர் கண்டனம் போதும் என்றார்கள். அப்போது போதகர் ஜான் காட்டன் பிரசங்கமேடையில் வியாபாரத்துக்கு இலக்கணம் வகுத்தார். முடிந்த மட்டும் மலிவாக வாங்கி முடிந்த மட்டும் விலையேற்றி விற்கலாம் என்பது தவறு. கடலில் ஒரு பகுதிச் சரக்கு போய்விட்டால், அந்த நஷ்டத்தை மிச்சச் சரக்கின் விலையில் ஏற்றுவது தவறு. அது கடவுள் உனக்கு அனுப்பிய இழப்பு, ஊர்த் தலையில் கட்டாதே. அதிக விலை கொடுத்து ஏமாந்து வாங்கியிருந்தால் அது உன் சாமர்த்தியக் குறைவு, அதற்கும் வாடிக்கையாளர் பொறுப்பல்ல. ஆனால் ஒரு பொருளுக்கே தட்டுப்பாடு வந்தால் விலை ஏற்றலாம். அங்கே கடவுளின் கை பொருளின்மேல் இருக்கிறது, ஆளின்மேல் இல்லை.

இந்தக் கடைசி விதியை வைத்தே கெய்னுக்காக வாதாடியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆறு வாரம், எட்டு வாரம் கடலில் வரும் ஆணிக்கு எப்போதுமே தட்டுப்பாடுதானே? காட்டன் படிப்பாளி, நேர்மையானவர். ஆனால் கப்பல் கூலியும், வராத கடனும், காத்திருக்கும் முதலும் அந்த மேடையிலிருந்து தெரியவில்லை. அதேநேரம், வாங்குபவர் பக்கத்தையும் நான் தள்ளிவிடமாட்டேன். கடை ஒன்றிரண்டுதான், வேறு வழியில்லை. அந்த நிலையில் ஒன்றுக்கு இரண்டு கேட்பதை ஊர் பொறுக்காது.

குடியேறிய வணிகர் என்றால் என்ன என்று இங்கேதான் தெளிவாகிறது. அதே 1639-இல் நம் பக்கத்தில் ஃபிரான்சிஸ் டே சோழமண்டலக் கரையில் கிழக்கிந்திய கம்பெனிக்காக இடம் பெற்றார், சென்னை பிறந்தது. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் கம்பெனியின் ஊழியர். சம்பளமும் தண்டனையும் லண்டனிலிருந்து வந்தன. பக்கத்து ஊர்க்காரர் விலை அதிகம் என்று அவரைச் சபையில் நிறுத்த முடியாது. பாஸ்டன் வணிகரோ யாருடைய ஊழியரும் அல்ல. பொண்டாட்டி பிள்ளையோடு வந்து, வாடிக்கையாளர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தவர். இரண்டு உலகையும் தொட்ட ஒருவர் உண்டு: 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டை ஆளுநராக இருந்த எலிஹு யேல். அவர் பிறந்தது 1649-இல், பாஸ்டனில், ஒரு வணிகர் வீட்டில். கெய்ன் அப்போது உயிரோடிருந்தார்.

அபராதத்தோடு பெயர் கெட்டது. அதன் விளைவு ஒரு பன்றியில் வந்து நின்றது. 1636-இல் வழிதவறிய பெண் பன்றி ஒன்று கெய்ன் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. அவர் ஊரில் தண்டோரா போட்டுத் தேடினார். பலமுறை போட்டும் யாரும் வரவில்லை. அவரிடம் சொந்தப் பன்றி ஒன்றும் இருந்தது, அதை அறுத்துவிட்டார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து எலிசபெத் ஷெர்மன் என்ற பெண் வந்து, கொட்டடியில் நின்ற பன்றியைப் பார்த்தார். அது தன்னுடையது இல்லை, அறுத்ததுதான் தன்னுடையது என்றார். சபை மூப்பர்கள் விசாரித்து கெய்ன் மேல் பிழையில்லை என்றார்கள். கீழ் நீதிமன்ற ஜூரியும் அப்படியே சொல்லி, செலவுக்கு 3 பவுண்டு வாங்கிக் கொடுத்தது. கெய்ன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை, திருடன் என்று தூற்றியதற்காக அவதூறு வழக்குப் போட்டு 20 பவுண்டு நஷ்டஈடும் வாங்கினார். ஒரு ஏழை வீட்டிலிருந்து 20 பவுண்டு! சட்டம் அவர் பக்கம்தான், ஆனால் ஊர் அன்றே எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

ஷெர்மன் வீட்டில் ஜார்ஜ் ஸ்டோரி என்ற இளம் லண்டன் வணிகர் குடியிருந்தார். எலிசபெத்தின் கணவர் இங்கிலாந்தில் இருக்கையில் இந்த இளைஞர் அங்கே தங்கியிருப்பது சரியில்லை என்று ஆளுநரிடம் முன்பு புகார் சொன்னவர் கெய்ன். அந்தக் கோபத்தை ஸ்டோரி மறக்கவில்லை. சாட்சி ஒருவரைப் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ள வைத்து, 1642-இல் வழக்கைப் பொதுமன்றத்துக்கே கொண்டுபோனார். ஏழு நாள் அளவுக்கு விவாதம். ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் கெய்ன் பக்கம், இரண்டு பேர் ஷெர்மன் பக்கம். முப்பது பிரதிநிதிகளில் பதினைந்து பேர் ஷெர்மன் பக்கம், எட்டு பேர் கெய்ன் பக்கம், ஏழு பேர் முடிவு சொல்லவில்லை. இரு பிரிவிலும் பெரும்பான்மை வேண்டும் என்பதால் தீர்ப்பே வரவில்லை. எண்ணிக்கையில் குறைந்த நீதிபதிகள் அதிகம் பேரின் முடிவைத் தடுப்பதா என்ற கேள்வி அங்கிருந்து வெடித்து, 1644-இல் மன்றம் இரண்டு அவைகளாகப் பிரிந்தது. மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இன்றுவரை இரண்டு அவையாக இருப்பதன் தொடக்கம் இதுதான். பன்றி ஒரு சாக்கு. பணக்காரர் ஒருவர் ஏழை ஒருத்தியிடம் கறாராக நடந்துகொண்டார் என்ற ஆத்திரமும், யாருக்கு அதிகாரம் என்ற நெடுநாள் பகையும் அதில் வந்து சேர்ந்துகொண்டன.

பிரசங்கங்களை மட்டுமல்ல, சபை நடவடிக்கைகளையும் கெய்ன் எழுதிவைத்தார். தன் விசாரணைக்கு மறு ஆண்டு, 1640-இல், ஆன் ஹிப்பின்ஸ் என்ற பெண் அதே சபையில் நிறுத்தப்பட்டார். தச்சர்கள் தன்னிடம் அதிக விலை வாங்கிவிட்டார்கள் என்று விடாமல் சண்டை போட்டது அவர் குற்றம். 1641-இல் சபையை விட்டு நீக்கினார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 1656-இல், சூனியக்காரி என்று தூக்கிலிட்டார்கள். 1640-41 விசாரணையில் யார் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரிவதே கெய்னின் குறிப்பேட்டால்தான். அதிக விலை விற்றதற்காகக் கண்டனம் வாங்கியவர், அதிக விலை என்று புகார் சொன்னதற்காக ஒரு பெண் தண்டிக்கப்படுவதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். விலையைப் பற்றிப் பேசினாலே அந்த ஊரில் எவ்வளவு நெருப்பு பறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வியாபாரமும் அடி வாங்கியது. 1640-இல் இங்கிலாந்தில் அரசியல் நிலைமை மாறியதும் குடியேற்றம் நின்றுபோனது. புதிதாக வருபவர் இல்லை என்றால் ரொக்கம் இல்லை. 20 பவுண்டுக்கு விற்ற மாடு நாலைந்து பவுண்டுக்கு இறங்கியது. கெய்ன் இதைத் தாக்குப்பிடித்தார். ரம்னி மார்ஷ் பகுதியில் பெரிய பண்ணை இருந்தது, பல இடங்களில் கடன் கொடுத்திருந்தார். பலமுறை பிரதிநிதியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி பிள்ளை குட்டிகள் கதை. ஒரே மகன் பெஞ்சமினுக்கு ஊரிலேயே உயர்ந்த இடத்தில் பெண் எடுத்தார்: ஆளுநர் பதவி வகித்த தாமஸ் டட்லியின் மகள் சாரா. கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் தங்கை. பணமும் பதவியும் கைகோத்த கல்யாணம். ஆனா என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறகு தம்பதி லண்டன் போனார்கள், அங்கே முறிந்தது. சாரா தனியே பாஸ்டன் திரும்பி, ஆண்களும் பெண்களும் கூடிய கூட்டங்களில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பியூரிட்டன் ஊரில் பெண் அப்படிச் செய்வது பொறுக்க முடியாத விஷயம். பெஞ்சமின் லண்டனிலிருந்து தன் மாமனாருக்கும் போதகர்களுக்கும் மனைவியைக் குற்றம்சாட்டிக் கடிதம் எழுதி, இனி அவளோடு வாழமாட்டேன் என்றார். 1647-இல் மணமுறிவு. அதே ஆண்டு சபை சாராவை நீக்கியது. பிரசங்கம் செய்ததோடு வேறொரு ஆணுடன் தகாத உறவு என்றும் காரணம் சொன்னார்கள். பின்னர் தாமஸ் பேசி என்பவரை மணந்து, 1659-இல் இறந்தார். இந்த விவகாரத்தில் சாரா தன் பக்கத்தைச் சொன்னதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. கணவரும் சபையும் போல மற்றவர்கள் சொன்னதுதான் இருக்கிறது. அதனால் அவரைக் குற்றவாளி என்று எழுதிவிடும் வரலாற்றுக் குறிப்புகளை நான் அப்படியே ஏற்பதில்லை.

பெஞ்சமின் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையில் மேஜர் ஆனார். அப்பாவின் கடையில் வந்து உட்காரவில்லை. கெய்னுக்கு 1652-இல் இன்னொரு அவமானம்: குடித்துவிட்டு நிலைதவறினார் என்று நிரூபணமாகி, வகித்துவந்த நீதிபதிப் பொறுப்பும் போனது. மகன் தூரத்தில், மருமகள் ஊர்வாயில், தானும் தலைகுனிந்த நிலை. மறு ஆண்டு ஆகஸ்டில் உயில் எழுத உட்கார்ந்தார்.

நகலெடுத்த பதிவேட்டில் 158 பக்கம் வரும் அந்த உயில் பல மாதம் எழுதப்பட்டது. யாருக்கு எவ்வளவு என்று தொடங்கி, திடீரென்று 1639-க்குப் போய்விடுவார். ஆணி விவகாரத்தில் பேரேட்டில் என்ன எழுதினேன், ஏன் திருத்தினேன், யார் பொய் சொன்னார்கள் என்று பதினான்கு ஆண்டு கழித்தும் ஒவ்வொன்றாக வாதாடுகிறார். சபையில் அழுது ஒப்புக்கொண்டது உண்மைதான், ஆனால் மன்றத்தின் தீர்ப்பு அநியாயம் என்கிறார். தன் கணக்குப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி, எது எதற்கு என்று விளக்கி, நான் சோம்பி வாழ்ந்தவன் அல்ல என்பதற்கு இவையே சாட்சி என்கிறார். தன் மொத்தச் சொத்தைச் சுமார் 4,000 பவுண்டு என்று கணக்குப் போட்டு, இதில் அநியாயம் எங்கே என்று கேட்கிறார். தான் எழுதிய பைபிள் விளக்கப் புத்தகங்களை மகன் பொக்கிஷமாகப் பாதுகாக்கவேண்டும் என்கிறார். அந்த மகன் திரும்பி வருவானா என்பதே அப்போது கேள்வி.

பேத்தி ஆனாவுக்குப் பெரிய பங்கு வைத்தார். ஆனால் அவள் தாய்க்கோ, தாயின் புதுக் கணவருக்கோ அதிலிருந்து ஒரு காசும் போகக்கூடாது என்று கட்டு மேல் கட்டுப் போட்டார். ஹார்வர்ட் கல்லூரிக்கு 100 பவுண்டு. நகரத்துக்கு 300 பவுண்டு: சந்தைத் திடலில் ஒரு கட்டடம் வேண்டும், கிராமத்தார் மழையிலும் பனியிலும் நின்று விற்கக்கூடாது, மாடியில் நீதிமன்றமும் நூலகமும் ஆயுத அறையும் இருக்கவேண்டும், தண்ணீர்த் தொட்டியும் வேண்டும் என்று ஒவ்வொரு அறையையும் யோசித்து எழுதியிருக்கிறார். தன்னைத் தண்டித்த ஊருக்கு இவ்வளவு அக்கறையோடு ஒருவர் திட்டம் போடுவது எனக்கு மரியாதையை உண்டாக்குகிறது. பழியைத் துடைக்கும் எண்ணமும் இருந்திருக்கும், இருக்கட்டும். சோளம் விற்க வந்த பெண் நனையாமல் நின்றாள் அல்லவா?

கெய்ன் 1656 மார்ச் 23 அன்று இறந்தார். ஊரார் மேலும் பணம் திரட்டி, 1657-58-இல் தூண்கள்மேல் மரக்கட்டடம் எழுப்பினார்கள். கீழே திறந்த சந்தை, மேலே மன்றம். 1711 தீயில் அது போயிற்று; 1713-இல் அதே இடத்தில் செங்கல்லில் எழுந்ததுதான் இன்றைய பழைய ஸ்டேட் ஹவுஸ். 1776 ஜூலையில் பாஸ்டன் மக்களுக்குச் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்த பால்கனி அதில்தான் இருக்கிறது.

உயிலில் இன்னொரு பகுதியைத் தாண்டிப் போகக்கூடாது. கெய்ன் வீட்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் சில ஷில்லிங் வீதம் எழுதிவைத்தார். லாபத்துக்கு ஆறு பென்ஸா எட்டு பென்ஸா என்று மன்றமும் சபையும் பல நாள் வாதாடிய அதே ஊரில், ஆளையே சொத்தாக வைத்திருந்ததைப் பற்றி அவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வீட்டு அடிமைகளின் மகள் சிப்போரா பாட்டர் 1670-இல் பாஸ்டனின் வடக்குப் பகுதியில் தன் பெயரில் வீடும் மனையும் வாங்கினார். அந்நகரில் வீடு வாங்கியதாகப் பதிவுள்ள முதல் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் அவர். 2014-இல் அங்கே அவருக்கு நினைவுப் பலகை வைத்தார்கள்.

விதவை ஆன் 1660-இல் சாமுவேல் கோலை மணந்தார். பாஸ்டனின் முதல் விடுதியை நடத்தியவர் அவர். பேத்தி ஆனா, தாத்தா இறந்து இரண்டு ஆண்டுக்குள், 1657-இல், எட்வர்ட் லேன் என்ற வணிகரை மணந்தார். கணவருக்கு ஆண்மையில்லை என்ற காரணத்தில் அந்தத் திருமணம் ரத்தானது. பிறகு இருவரும் மறுபடி சேர்ந்து வாழ்ந்தார்கள். லேன் இறந்தபின் நிக்கோலஸ் பெய்ஜ் என்பவரை மணந்தார். அந்த உறவைப் பற்றியும் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஆனால் காலம் மாறியிருந்தது. சாராவை ஒதுக்கிய ஊர், சொத்தும் செல்வாக்கும் உள்ள அவர் மகளை ஏற்றுக்கொண்டது. பெய்ஜ் கர்னல் ஆனார். 1695-இல், கெய்ன் தொடங்கிய அதே ஆர்ட்டிலரி கம்பெனிக்குத் தலைவரும் ஆனார். ஆனா 1704-இல் பிள்ளையின்றி இறந்தார். ராபர்ட் கெய்னின் நேர் வாரிசு அத்தோடு முடிந்தது. ரம்னி மார்ஷ் பண்ணை வேறு உறவினருக்குப் போனது.

கெய்னின் உயில் முழுமையாக அச்சில் கிடைக்கிறது. வாசிக்க நினைப்பவர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டாம். மத விசுவாச அறிக்கையிலேயே களைத்துவிடுவீர்கள். ஆணி, பொத்தான், கடிவாளம் பற்றிய பகுதியை முதலில் தேடிப் பிடியுங்கள். அடுத்து சந்தைக் கட்டடத் திட்டம். பேத்திக்கான நிபந்தனைகளைக் கடைசியாகப் படித்தால், யாரைப் பற்றி அவ்வளவு கோபம் என்பது அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.